பாரூர் வீட்டுக் கோடி

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
9-6-2024

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கச்சி செல்வம்மாள் எழுதுவது. இங்கே நானும் மகன் சிவராஜும் மருமகளும் பேத்தி சௌமியாவும் சுகம். அங்கே உன் முட்டிவலியும் அண்ணியின் சர்க்கரையும் எந்த அளவில் இருக்கின்றன என்று மறைக்காமல் எழுது. போனில் கேட்கலாம் என்றால் உனக்குக் காது கேட்பதில்லை. நான் போடுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு ஜோதிமணிதான் "சரிங்க பெரிம்மா" என்று பதில் சொல்கிறாள். அஞ்சாங்கிளாஸ் படிப்பு எதற்கு இருக்கிறது? எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒரு பெருமை. சௌமியாவுக்குச் சிப்காட்டில் வேலை, குவாலிட்டி செக்ஷன். அவள் பார்த்து டிக் போடாமல் ஒரு நட்டு கூட கேட்டைத் தாண்டாதாம். பெரிய பெரிய ஆம்பளைகள் டப்பாவோடு அவள் முன்னே நிற்கிறார்கள். யார் பேத்தி!

இப்போது விஷயம். போன வாரம் ஜோதிமணியின் மாமியார் ஜவளகிரியில் தவறிப் போனார். துணைக்குப் போனேன். நம்ம பக்கம் கேதத்துக்குக் கோடித் துணியைக் கொண்டு போய்ப் பிணத்தின் மேல் போட்டுவிட்டு ஓரமாக நின்றுகொள்வோம். அங்கே அப்படி இல்லை. ஒருத்தர் நின்று சத்தமாகக் கூப்பிடுகிறார்: "தாய் வீட்டுக் கோடி! இன்ன ஊரு, இன்னாரு!" அப்புறம்தான் துணி விழுகிறது. பக்கத்தில் ஒரு ஆள் அதை நோட்டில் எழுதுகிறான். செத்தவர் பேர் மேலே, தாய் வீடு முதல் வரி, மற்றவர்கள் கீழே. ஒரு சாவுக்கு ஒரு பக்கம். நாராயணம்மா என்று ஒரு அம்மா. அவளுடைய மாமனார்தான் முன்னே கோடி கூப்பிடுகிறவராம். ஐம்பத்தெட்டாம் வருஷத்திலிருந்து நோட்டெல்லாம் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறாளாம்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது அண்ணா. நம்ம வெள்ளையம்மா அக்கா காவேரிப்பட்டணத்துப் புருஷன் அடித்த அடி தாங்காமல் சென்னப்பன் என்கிற கன்னடக்காரரோடு போனாளே, அந்தத் தளிக் காட்டுப் பக்கம்தானே இது? அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு. அப்பா களத்துமேட்டில் நின்று "அவ செத்தாலும் என் வீட்டுக் கோடி போகாது" என்று சொன்னதை நானும் கேட்டேன். அதற்கப்புறம் அவள் பேரையே எடுக்காமல் ஐம்பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டோம்.

இருக்கிறாளா, போய்விட்டாளா? போயிருந்தால் பிறந்த வீட்டுத் துணி படாமலேயே எடுத்துவிட்டார்களா? இது ஒன்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கப் போகிறேன். நீ சரி என்று ஒரு வரி எழுது.

அண்ணிக்கு என் நமஸ்காரம்.
உன் தங்கச்சி செல்வம்மாள்

பாரூர்
24-6-2024

அன்புத் தங்கை செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி அப்படியேதான். அண்ணி மாத்திரை சாப்பிடுகிறாள், மாம்பழமும் சாப்பிடுகிறாள். ஏரியில் தண்ணீர் குறைவு. வாய்க்கால் இந்த மாதம் திறப்பார்களா தெரியவில்லை. கரும்பு வாடுகிறது.

சௌமியாவைக் கேட்டதாகச் சொல்.

ஜவளகிரிப் பக்கம் யானை நடமாட்டம் என்று பேப்பரில் போட்டிருந்தான். இந்த வயதில் காட்டோரம் அலைய வேண்டாம். பழைய நோட்டில் என்ன இருக்கப் போகிறது? உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
அண்ணன் முனிவேல்

மூக்கண்டப்பள்ளி
14-7-2024

அண்ணா,

சுகம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. ஓரத்தில் கருப்புத் தடவியிருப்பதைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ வேண்டாம் என்று எழுதினாய். நான் போனேன். நாராயணம்மா, "பாம்மா, கூத்கோ" என்று உட்காரச் சொல்லிப் பாயைப் போட்டு, பெட்டியைத் திறந்து வேப்பிலைத் தூளை ஊதிவிட்டு நோட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். பாதி தமிழ், பாதி கன்னடம். யார் எழுதினார்களோ அவர்கள் எழுத்து. தமிழை நான் படித்தேன், கன்னடத்தை அவள் படித்தாள். சென்னப்பன் என்று தேடினால் பக்கத்துக்குப் பக்கம் சென்னப்பன். அந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு சென்னப்பன் மேல்தான் விழும் போலிருக்கிறது. நானும் அவளும் சிரித்துக்கொண்டேதான் புரட்டினோம்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் பட்டது. "12-3-1988. சென்னப்பன் சம்சாரம் வெள்ளையம்மா. வயிற்று நோவு."

முப்பத்தாறு வருஷம் ஆச்சு அண்ணா. நான் இத்தனை பொங்கலும் தீபாவளியும் சாப்பிட்டிருக்கிறேன்.

அதற்குக் கீழே நான் படிக்கவில்லை. தாய் வீட்டுக் கோடி என்ற வரி காலியாகக் கிடக்கும். அதை என் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று நோட்டை மூடிவிட்டேன். நாராயணம்மா வீட்டுக் கிணற்றடியில் கட்டின சேலையோடு தலை முழுகிவிட்டு, ஈரத்தோடு பஸ் ஏறி வந்தேன்.

படித்ததும் வழக்கப்படி கிழித்துப் போட்டுவிட்டு நீயும் தலை முழுகு.

செல்வம்மாள்

பாரூர்
22-7-2024

தங்கை செல்விக்கு,

கடிதம் பார்த்தேன். மனதைத் தேற்றிக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

முழுகினது முழுகினதாக இருக்கட்டும். மூடின நோட்டைத் திறந்து அந்த வரியைப் படி. காலியாகத்தான் இருக்கும் என்று நீயாக ஏன் நினைத்துக்கொள்கிறாய்? எதையும் முழுதாகப் படிக்க வேண்டும்.

கேதக் கடிதத்தை வீட்டில் வைக்கக்கூடாது என்பார்கள். நான் கிழிக்கவில்லை. தலையும் முழுகவில்லை. சளி பிடித்திருக்கிறது.

முனிவேல்

மூக்கண்டப்பள்ளி
18-8-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் சளி போயிருக்கும் என்று நம்புகிறேன். போகாவிட்டாலும் எழுந்து உட்கார்ந்து இதைப் படி. எனக்குச் சந்தோஷமா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை.

நீ சொன்னபடி போய் அந்த வரியைப் படித்தேன். "தாய் வீட்டுக் கோடி: தேன்கனிக்கோட்டை. அண்ணன் தம்பி மூணு பேர்." தேன்கனிக்கோட்டையில் நமக்கு யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை! கோடி எந்த ஊரிலிருந்து வந்ததோ அதுதானே அவள் பிறந்த ஊர்? அது வேற வெள்ளையம்மா, வேற சென்னப்பன் பெண்டாட்டி! நான் யாரோ தேன்கனிக்கோட்டைக்காரிக்குத் தலை முழுகிவிட்டு வந்திருக்கிறேன். நாராயணம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போவட்டும்மா, அவளுக்கும் புண்ணியம்" என்றாள்.

அப்புறம்தான் அவள் ஒரு வார்த்தை சொன்னாள். "எங்க ஊர்ல மருமகளை எவன் பேர் சொல்லிக் கூப்புட்டான்? பொறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. நான் நாராயணம்மான்னு உனக்குத்தான் தெரியும். இங்க நான் கெலமங்கலத்தாள். நீ பேரைத் தேடாத, ஊரைத் தேடு." இத்தனை நாள் நான் வெள்ளையம்மாவைத் தேடியிருக்கிறேன். தேட வேண்டியது பாரூர்!

தேடினோம். 1971-ல் ஒரு கன்னடப் பக்கம். நாராயணம்மா விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். "காவக்காரர் சென்னப்பன் மகள். ரெண்டு வயசு. காய்ச்சல். தாய்மாமன் கோடி, பாரூர், வரவில்லை." குழந்தை பேர் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். "செல்வி" என்றாள்.

அக்கா தன் பெண்ணுக்கு என் பேரை வைத்திருக்கிறாள் அண்ணா. அப்போது நான் பதினெட்டு வயசில் நம்ம வீட்டு முற்றத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாது.

இரு, இன்னும் இருக்கிறது. அடுத்த நோட்டு. தமிழ் எழுத்து, நானே படித்தேன். "3-9-1991. காவக்காரர் சென்னப்பன். மாரடைப்பு. சம்சாரத்துக்குத் தாய் வீட்டுக் கோடி: பாரூர். வந்தது. கொண்டு வந்தவர் முனிவேல்."

புருஷன் செத்தால் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டுச் சேலை போர்த்த வேண்டுமே, அந்தச் சேலை. வந்திருக்கிறது. கொண்டு வந்தது நீ.

பாரூரில் வேற முனிவேல் இருக்கிறான் என்று மட்டும் எழுதிவிடாதே. அதனால்தானே தலை முழுகாமல் சளி என்றாய்? எண்பத்தெட்டில் செத்தவளுக்குத் தொண்ணூற்றொன்றில் சேலை போர்த்தியிருக்க முடியாது என்று உனக்குத் தெரியும். அதை நேராக எழுத உனக்குப் பேனா வளையவில்லை!

எழுது அண்ணா. எல்லாம் எழுது. அண்ணிக்குத் தெரியுமா?

உன் பதிலுக்காகத் தபால்காரர் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்
செல்வம்மாள்

மூக்கண்டப்பள்ளி
20-10-2024

அண்ணாவுக்கு,

நீ சுகமாகத்தான் இருக்கிறாய். மேகலாவுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டேன். "அப்பாவா? நேத்துகூட மூணு தோசை சாப்பிட்டாருங்க அத்தை" என்றாள். மூணு தோசை சாப்பிடுகிற ஆளுக்கு ஒரு கடிதம் எழுத முடியவில்லையா?

இரண்டு மாசமாகப் பதில் இல்லை. அதற்காக நான் சும்மா இல்லை. தீபாவளிக்குப் பிறகு மீதி நோட்டுகளையும் பார்க்கப் போகிறேன். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நோட்டு பேசும்.

செல்வம்மாள்

பாரூர்
3-11-2024

அன்புத் தங்கை செல்விக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போயிற்று. மேகலாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். அண்ணிக்கு எதுவும் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் சந்தையில் தளிப் பக்கத்து மாட்டு வியாபாரி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அக்கா ஊட்டுக்காரரு போயிட்டாரு. தம்பிகிட்ட மட்டும் சொல்லுன்னு சொல்லிவுட்டுது" என்றார். அப்பா அப்போது திடமாக இருந்தார். கரும்பு வெட்ட ஆள் பார்க்க ஓசூர் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சேலையை மஞ்சள் பையில் போட்டு, பையை உரச் சாக்குக்குள் வைத்துக் கொண்டுபோனேன். பஸ்ஸில் நம்ம ஊர்க்காரன் ஒருவன் இருந்தான்.

போர்த்தினேன். அவள் அழவில்லை. "செல்வி எப்பிடி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். கல்யாணம் ஆகி ஒரு பையன் என்றேன். "ஒரு தடவை கூட்டிக்கினு வாடா" என்றாள். அடுத்த மாதம் கூட்டி வருகிறேன் என்று சொன்னேன்.

அப்போது மேகலாவுக்கு ரத்தினவேல் வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் எப்படிப்பட்ட மனிதர்கள் என்று உனக்குத் தெரியும். வெளியே தெரிந்தால் நின்றுபோகும் என்று பயந்தேன். அடுத்த மாதம் என்றது அடுத்த வருஷம் ஆனது. உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சொல்ல வாய் எடுப்பேன். நீ காபி வேண்டுமா என்பாய். காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

நடந்தது இவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் இருக்கிறாளா என்று எனக்கும் தெரியாது.

முனிவேல்

மூக்கண்டப்பள்ளி
24-11-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் சீக்கிரம் நீ பிரயாணம் பண்ண வேண்டி வரும்.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் நீ அந்த உரச் சாக்கோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. போனாயே, அதுவரைக்கும் சரி.

இனி நான் கண்டுபிடித்ததைக் கேள். செத்தவர்கள் பக்கத்தில் தேடாமல், கோடி போட்டவர்கள் பேரில் தேடினேன். அந்த ஊர் மருமகள், தன் புருஷன் போன பிறகும், மற்றவர் கேதத்துக்குத் துணி கொண்டுபோகத்தானே வேண்டும்? தொண்ணூற்று மூன்றில் "பாரூராள், கோடி ஒன்று." தொண்ணூற்றேழில் "பாரூராள், மகன் மாதேஷ்." மகன் இருக்கிறான்! இரண்டாயிரத்து நாலில் "பாரூராள் மகன் மாதேஷ், அத்திப்பள்ளி." பிழைக்க பார்டரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போயிருக்கிறார்கள். ஓசூரிலிருந்து டவுன் பஸ் போகிற தூரம்! நான் காய்கறி விலை குறைவு என்று எத்தனை தடவை அந்தச் சந்தைக்குப் போயிருக்கிறேன்.

ஒவ்வொரு சாவிலும் அவள் இருக்கிறாள் அண்ணா. ஊரில் யார் போனாலும் துணியோடு வந்து நின்றிருக்கிறாள். காவக்காரர் செத்த பக்கத்துக்கு அப்புறம் நாற்பது கேதத்துக்கு மேல். ஒன்றுகூட விடவில்லை. கடைசியாக 2019.

அதற்கப்புறம் எதிலும் இல்லை.  நாராயணம்மாவிடம் கேட்டேன். "இந்த ஊரு மருமக எங்க போய்ச் செத்தாலும் சேதி இங்க வரணும். வந்தா அவ பேர்ல ஒரு பக்கம் போட்டே ஆவணும். பாரூராளுக்குப் பக்கம் போடல. அவ்ளோதான் நான் சொல்லுவன்" என்றாள். அதாவது செத்த சேதி வரவில்லை. அது போதுமே!

இப்போதெல்லாம் பேருக்குப் பக்கத்தில் போன் நம்பரும் எழுதுகிறார்கள். 2019 பக்கத்தில் மாதேஷ் பேருக்கு நேரே பத்து நம்பர். கடைசி நம்பர் ஏழா ஒன்றா என்று தெரியவில்லை. ஒன்று போட்டேன், யாரோ பெங்களூர்க்காரர் திட்டினார். ஏழு போட்டேன்.

"யாரு பேக்கு?" என்று கன்னடத்தில் ஒரு ஆம்பளைக் குரல், யார் வேண்டும் என்று.

 யார் என்று சொல்வேன்? சித்தி என்றா? அவனுக்கு நான் யார்? "பாரூர்ல இருந்து பேசறன்" என்றேன். நான் இருப்பது மூக்கண்டப்பள்ளி, ஆனால் வாயில் வந்தது பாரூர்.

 அப்புறம் அவன் போனைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே பார்த்துக் கத்தினான். "அம்மா! பாரூரிந்த அந்தெ! அம்மோவ், பாரூராம்மா!"

அம்மா என்று கூப்பிட்டான் அண்ணா. கூப்பிட ஆள் இருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். மீதி போய் வந்து.

செல்வம்மாள்

மூக்கண்டப்பள்ளி
8-12-2024

அண்ணாவுக்கு,

நான் சுகம். அக்கா சுகம். இந்த இரண்டாவது வார்த்தையை எழுத எனக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது பார்.

மாதேஷ் லாரி டயர் கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னால் வீடு. சொட்டைத் தலை, அப்படியே நம்ம அப்பா. என்னைப் பார்த்ததும் கிரீஸ் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு காலில் விழுந்தான். உள்ளே அக்கா கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து ஐந்து வருஷமாகப் படி இறங்கவில்லையாம். அதனால்தான் நோட்டில் இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். "யாரு இந்தக் கிழவி?" என்றாள்.

"நாந்தாங்க்கா செல்வி."

"செல்வி சின்னப் பொண்ணு. மூக்கு ஒழுகினு நிக்கும்."

"இப்பவும்தான் ஒழுகுது, பாரு" என்றேன். ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அவள் முந்தானையை எடுத்து என் மூக்கைத் துடைத்துவிட்டாள் அண்ணா. எழுபத்தொரு வயசு மூக்கை.

அப்புறம் இரண்டு பேரும் பேசினோம், பேசினோம், மாதேஷ் பெண்டாட்டி மூன்று தடவை சோறு போட்டாள். அக்காவுக்குப் பாதி கன்னடம். திட்டும்போது மட்டும் சுத்தமான பாரூர்த் தமிழ். சௌமியா போட்டோவைக் காட்டினேன். நட்டுக் கதையைச் சொன்னேன். "உன் பேத்தி நட்டுதான் பாக்கறா. என் பேரன் லாரியே பாக்கறான்" என்றாள். விட்டுக் கொடுப்பாளா!

சின்ன செல்வியைப் பற்றிக் கேட்டேன். "பல்லு உன்ன மாதிரி" என்றாள்.  

உன்னைப் பற்றியும் பேச்சு வந்தது. நீ எழுதினதைப் பெருமையாகச் சொன்னேன். சேலை போர்த்தினதை, உரச் சாக்கை எல்லாம். அவள் அவரையை உரித்துக்கொண்டே, "ஏரிக்கரைக் கதையை எழுதலையா?" என்றாள்.

அப்பா செத்த அன்றைக்கு அவள் சேதி கேட்டு, துணி எடுத்துக்கொண்டு, பாரூர் ஏரிக்கரை வரைக்கும் வந்தாளாமே. நீ எதிரே ஓடி வந்து, சம்மந்தி வீட்டுக்காரங்க எல்லாம் உட்கார்ந்திருக்காங்க அக்கா என்று கையைக் கூப்பி நின்றாயாமே. அவள் கொண்டுவந்த துணியைக் கரையிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனாளாமே. நடந்தது இவ்வளவுதான் என்று எழுதியிருந்தாய். இது அந்த இவ்வளவில் சேரவில்லையா?

நான் அழுதுகொண்டே, "ஏங்க்கா, நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆனா கோடி நாங்க கொண்டாருவோம், அப்பா சொன்னது அப்பாவோட போச்சு" என்றேன். அதற்கு அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"செத்தப்புறம் போடறது எனக்குத் தெரியவா போவுது? கண்ணு முழிச்சினு இருக்கறப்பவே கொண்டாரச் சொல்லு. கத்திரிப்பூ கலரு, கரை பெருசா. ஆனா போன தரம் மாதிரி சாக்குல ஒளிச்சு எடுத்தாந்தா வாங்க மாட்டன். தட்டுல வெச்சு, தலைமேல தூக்கி, பாரூரு பெரிய தெருவுல ரத்தினவேலு வாசலைத் தாண்டிக் கொண்டாரணும். யாருக்குன்னு கேட்டா எம்பேரைச் சொல்லணும். முடியலன்னா வரவே வாணாம். நான் இப்பிடியே போய்க்கிறன். எனக்கு ஒண்ணும் இல்ல."

எனக்கு ஒண்ணும் இல்ல என்று சொல்லும்போது அவள் கை அவரைக்காயைத் தோலோடு சேர்த்து நசுக்கிக்கொண்டிருந்தது.

பொங்கல் வருகிறது. பிறந்த வீட்டுச் சீர் பொங்கலுக்கு முன்னே போய்ச் சேர வேண்டும். நான் பெண், நான் கொண்டுபோனால் அது பிறந்த வீட்டுச் சீர் ஆகாது. நீ வந்தால்தான் உண்டு. ரத்தினவேல் சம்மந்தி என்ன சொல்வார், மாப்பிள்ளை என்ன சொல்வார், அதெல்லாம் உன் பாடு. நான் கெஞ்ச மாட்டேன்.

செல்வம்மாள்

கிருஷ்ணகிரி பஸ் நிலையம்
12-1-2025

அன்புத் தங்கை செல்விக்கு,

அண்ணி சுகம். நான் சுகம். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஏரிக்கரையைப் பற்றி அக்காவிடம் நானே பேச வேண்டும். வாயால் வராது. அதனால் உனக்கு எழுதுகிறது போல எழுதிக் கையிலேயே கொண்டுவருகிறேன். நீ அவளுக்குப் படித்துச் சொல்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம், எடுத்து எடுத்துப் படித்துவிட்டு உள்ளே வைத்தேன். போன வாரம் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவள் பரண்மேல் இருந்து பித்தளைத் தாம்பாளத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள்.

இன்று காலை எட்டு மணிக்குக் கிளம்பினேன். சேலை, கரும்பு ஒரு ஜோடி, மஞ்சள் கொத்து, வெல்லம், நம்ம வயல் பச்சரிசி. தட்டைத் தலைமேல் வைத்துப் பெரிய தெருவில் நடந்தேன். முட்டி ஒத்துழைக்கவில்லை. மெதுவாகத்தான் நடந்தேன். மெதுவாக நடந்ததால் எல்லோரும் பார்த்தார்கள்.

ரத்தினவேல் சம்மந்தி வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். வாய் அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. என்ன கேட்டிருப்பார் என்று தெரியும். "எங்க பெரிய அக்கா வெள்ளையம்மாவுக்குப் பொங்கல் சீர் போகுது. அத்திப்பள்ளியில இருக்குது" என்றேன். காது கேட்காதவன் பேசினால் சத்தம் தெரியாது. மேலத் தெரு வரைக்கும் கேட்டதாம்.

மேகலா உள்ளேயிருந்து மாவுக் கையோடு ஓடி வந்தாள். இப்படி ஒரு அத்தை இருப்பதும் நான் மறைத்ததும் இன்று காலை அண்ணி போனில் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். மாமனார் பக்கத்தில் நிற்கிறார் என்றும் பார்க்காமல் என் காதோரம் வந்து கத்தினாள்: "என் கல்யாணத்துக்காகவா மறைச்சீங்க? என்னக் கேட்டிருந்தா வேற மாப்பிள்ளையப் பாருங்கன்னு சொல்லியிருப்பனே!" மாப்பிள்ளை படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மேகலா தட்டை என் தலையிலிருந்து இறக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். ரத்தினவேல் சம்மந்தி உள்ளே போனார். வெற்றிலை பாக்கோடு திரும்பி வந்து தட்டில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வைத்தார்.

அக்காவுக்கு: நீ கரையில் வைத்துவிட்டுப் போன துணியை அப்பாமேல் நான்தான் போட்டேன். யார் கொண்டுவந்தது என்று கேட்டார்கள். நான் வாங்கினது என்று சொன்னேன். உன் பேரில் விழ வேண்டிய துணியை என் பேரில் போட்டுவிட்டேன். அப்பாவுக்கு மூத்த மகள் கோடி விழுந்தது. அது உனக்குத் தெரிய வேண்டும். தப்பு என்னுடையது. நீ என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஓசூர் பஸ் வந்து நிற்கிறது. மேகலா ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்திருக்கிறாள். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். துண்டைப் போட்டு மூடிக்கொள்ளட்டுமா என்று ஜாடையில் கேட்கிறாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முனிவேல்